பெருமாளுக்குப் போட்ட மகஜர்

இதை எழுதச் சொன்னது சத்யா. நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்த வனக் காப்பாளர் அந்தப் பெண். பென்ஷனுக்கு ஆயுள் சான்றிதழ் கொடுக்க ஆபீசுக்குப் போயிருந்தேன். வராந்தாவில் ஏழெட்டுப் பேர் கூண்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் மடியில் முழ நீள வாலோடு சிவப்பும் நீலமுமாக ஒரு கிளி. இன்னொருத்தர் பிளாஸ்டிக் டப்பாவில் பச்சை ஓணான் வைத்திருந்தார், நம் ஊர் ஓணான் இல்லை, கடல் தாண்டி வந்தது. வெளிநாட்டு மிருகம், பறவை வீட்டில் வைத்திருப்பவர்கள் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதால் இந்தக் கூட்டம்.

"பாதிப் பேரு, பதிஞ்சா வந்து தூக்கிட்டுப் போயிடுவீங்களான்னு கேக்கறாங்க சார்," என்றாள் சத்யா. "மீதிப் பேரு போன் போட்டு, இதையெல்லாம் ஏன் வீட்டுல வெக்க வுடறீங்க, மொத்தமா தடை பண்ணுங்கன்னு திட்டறாங்க. ரெண்டு பக்கமும் நான்தான் வாங்கிக் கட்டிக்கறேன். அந்த ஆமை கேசை நம்ம சங்கத்து மலருக்கு எழுதிக் குடுங்க சார். புதுசா வந்த பசங்க படிக்கட்டும்."

எனக்கு எழுதிப் பழக்கம் மகஜர் மட்டும்தான். இன்ன தேதி, இன்ன இடம், இன்னார் முன்னிலையில் இன்னதை எடுத்தோம் என்று எழுதுவேன். அதைத் தாண்டி ஒரு கடிதம்கூட ஒழுங்காக எழுதியதில்லை. இதுவும் மகஜர் மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பம் பாகூர் பக்கம் நெல்லும் கரும்பும் போட்ட குடும்பம். நான் பத்தாவது வரைக்கும் படித்தேன். நர்சரியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் தினக்கூலியாகச் சேர்ந்து, பல வருஷம் கழித்து வேலை நிரந்தரமாகி, காக்கி போட்டேன். காடே இல்லாத ஊரில் காட்டாபீசு வேலை. என் மச்சான் வீட்டுக்கு வந்தால், "எங்கக்கா மாமா? காட்டுக்குப் போயிட்டாரா, பீச்சுக்குப் போயிட்டாரா?" என்று என் மனைவியைக் கேட்டுச் சிரிப்பான். பீச்சுக்குத்தான் போயிருப்பேன். தை மாசியில் கடல் ஆமை முட்டை போட வரும். விடியற்காலையில் கரையோரம் நடந்து, தடம் பார்த்து, முட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும். மற்ற மாதங்களில் வீட்டுக்குள் புகுந்த பாம்பு, கிணற்றில் விழுந்த மயில், கூண்டில் அடைத்த பச்சைக்கிளி.

பச்சைக்கிளி விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்தால் குற்றம். ஓலைக் கூரை வீட்டில் ஒற்றைக் கிளி வளர்த்த கிழவரிடம் போய் அதை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம். அதே தெருவில் மாடி வீட்டில் ஆப்பிரிக்கா கிளி இருக்கும். அதற்கு அப்போது சட்டம் கிடையாது. அவர்கள் எங்களுக்குக் காபி கொடுத்து, கிளியைப் பேசவைத்துக் காட்டுவார்கள். கிழவர் வீட்டிலிருந்து வாங்கி வந்த கூண்டு ஜீப்பில் இருக்க, நாங்கள் அந்தக் காபியைக் குடித்திருக்கிறோம். வெளிநாட்டு மிருகம் என்றால் நமக்குச் சம்பந்தமில்லை என்பது அப்படித்தான் எங்கள் மண்டையில் ஏறியது.

என் மேலதிகாரி சேவியர் சார். அவங்க அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாய், சொல்தா என்பார்கள். அதனால் மகஜரை சார் "புரோசே" என்றுதான் சொல்லுவார். சார் ஒரு வீட்டுக்குள் போகிற விதத்தை நான் இருபது வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாசலில் பூட்சைக் கழற்றுவார். அந்த லேசை அவிழ்க்கவே நேரம் பிடிக்கும், எங்களுக்குப் பொறுமை போகும். உள்ளே போனதும், "அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பார். தாகம் இருக்கோ இல்லையோ குடிப்பார். குடித்த பிறகுதான் வந்த விஷயத்தைச் சொல்லுவார். "தண்ணி வாங்கிக் குடிச்சவன் அந்த வீட்டுல சத்தம் போட மாட்டான்பா. அது அவங்களுக்காக இல்ல, நமக்காக," என்று ஒருநாள் சொன்னார்.

அப்புறம் மிருகத்தை நாங்கள் தொடக் கூடாது. வளர்த்தவங்கதான் எடுத்துக் கொடுக்கணும். பிடுங்குகிற கையை அது மறக்காது என்பார். கொடுத்ததும் அளவு. தலையிலிருந்து வால் வரை, குறுக்கே, எடை, நிறம், நகம், காயம், வடு. "பச்சைக்கிளி ஒன்னுன்னு எழுதினா அது பச்சைக்கிளி ஒன்னுதான். எந்தக் கிளின்னு எழுது," என்பார். என் கையெழுத்து உருண்டையாக இருக்கும் என்பதால் எழுதுவது எப்போதும் நான். எழுதி முடித்ததும் அதை வீட்டுக்காரருக்கு உரக்கப் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டு, பிறகுதான் கையெழுத்து. பறிமுதல் என்ற வார்த்தை மகஜரில் இருக்கும். சார் வாயில் நான் கேட்டதில்லை.

இனி அஞ்சலைக்கா. கனகசெட்டிக்குளத்தில் மீன் வியாபாரம் செய்கிறவங்க. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவங்க. கரையோரம் ஆமைத் தடம் தேடி நடந்த காலத்தில் பழக்கம். நான் போவதற்கு முன்னாலேயே முட்டைக் குழியைப் பார்த்து, நாய் தோண்டாமல் கூடையைக் கவிழ்த்து வைத்திருப்பாங்க. வலையில் ஆமை மாட்டினால் நெற்றியில் குங்குமம் வைத்துத் திரும்பக் கடலில் விடுகிற ஜனங்கள் அவங்க.

"காட்டாபீசு, நீ சம்பளம் வாங்கற, நான் குழி பாக்கறன். பாதிக் குடுத்துட்டுப் போ," என்பாங்க.

அவங்க ஒரே பையன் முருகன் வெளிநாட்டு வேலைக்குப் போவதற்கு முன்னால், வண்ண மீன் விற்கிற கடையிலிருந்து ஒரு ஆமைக் குட்டி வாங்கி வந்தான். நிலத்தில் வாழ்கிற ஜாதி, ஆப்பிரிக்காப் பாலைவனத்து ஆமை. உள்ளங்கையில் அடங்கியது. இவ்வளவுதான் வளரும் என்று கடைக்காரன் சொல்லியிருக்கிறான். பையன் விமானம் ஏறினான், ஆமை வளர்ந்தது. அஞ்சாறு வருஷத்தில் அண்டா மூடி அளவு ஆகிவிட்டது. அஞ்சலைக்கா அதற்குப் பெருமாள் என்று பேர் வைத்தாங்க. சனிக்கிழமை தோறும் ஓட்டில் மஞ்சள் பூசி, கட்டம் கட்டமாக இருக்கிற சில்லுக்குச் சில்லு குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவாங்க. வாழைப்பழம், சர்க்கரைப் பொங்கல், இட்லி எல்லாம் அதற்கு உண்டு. கொல்லையில் ஆட்டுக்கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் அது போக வர இருக்கும். வளர்ந்த பிறகும் அந்த வழியை விடவில்லை. உரசிக்கொண்டே போகும்.

"போன் பண்ணா மொதல்ல பெருமாளைக் காட்டுன்றான். பெத்தவ மூஞ்சி ரெண்டாவதுதான்," என்று பையனைப் பற்றிச் சொல்லி அலுத்துக்கொள்வாங்க. அலுப்பில் ஒரு சந்தோஷம் இருக்கும்.

எனக்கு தெய்வ பக்தி உண்டு. புரட்டாசியில் அசைவம் தொட மாட்டேன், சனிக்கிழமை ஒருபொழுது. கரைப்பக்கம் போன சனிக்கிழமைகளில் நானும் அந்தக் கொல்லைக்குள் போய், காக்கிச் சட்டையோடு குனிந்து, அந்த ஓட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியிருக்கிறேன். கூர்மாவதாரம் இந்தக் கொல்லையில் வந்து படுத்திருக்கிறது என்று உண்மையாகவே நினைத்தேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அப்போதுதான் ஒரு சுற்றறிக்கை வந்தது. வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் குறிப்பிட்ட மாதங்களுக்குள் தாங்களாக வந்து பதிந்தால், எங்கே வாங்கினாய், ரசீது எங்கே என்று எதுவும் கேட்க மாட்டோம் என்று. சேவியர் சார் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து ஆங்கிலத்தைத் தமிழாகச் சொன்னார். "அவனவனுக்குத் தெரிஞ்ச வீட்டுக்குப் போய் பாரத்தைக் குடுங்க. இது தண்டனை இல்ல, கதவு தொறந்து வெச்சிருக்காங்க. மூடறதுக்குள்ள உள்ள வரச் சொல்லுங்க," என்றார்.

நான் பாரத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அஞ்சலைக்கா முற்றத்தில் சங்கரா மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாங்க.

"என்னா காட்டாபீசு, சனிக்கெழமதான வருவ. இன்னிக்கு செவ்வாக்கெழம. பையில என்னா?"

"ஒரு பாரம்கா. பெருமாளைப் பதியணுமாம்."

"பதிஞ்சா?"

"பேரு ஆபீசுல இருக்கும்."

"இருந்தா?"

அவங்க கத்தியைக் கீழே வைத்தாங்க. "வந்து தூக்கிட்டுப் போவீங்களா தம்பி?"

பாரத்தை எடுத்துப் பார்த்தேன். உயிரினத்தின் பெயர். ஆணா பெண்ணா. எத்தனை. எப்படி வந்தது. பெருமாளை எப்படி இதில் எழுதுவது என்று கை வரவில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. என் சர்வீசில் ஆபீஸ் ரிஜிஸ்டரில் பேர் ஏறி நல்லது நடந்த ஒருத்தரை நான் பார்த்ததில்லை. அந்தக் கிளிக்காரக் கிழவர் பேர்கூட ஏறியதுதான். எழுத்தில் ஏறாமல் இருப்பதுதான் ஏழைக்குப் பாதுகாப்பு என்பது எங்களைப் போன்ற கீழ்ப்படிக்காரர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டது. தெரிந்தவங்களுக்கு நாங்கள் செய்கிற உதவியே அதுதான், எழுதாமல் விடுவது.

"வுடுக்கா," என்றேன். "பதியாம இருக்கறதுதான் நல்லது. நான் பாத்துக்கறன்."

அவங்க மறுபடி கத்தியை எடுத்தாங்க. போகும்போது ரெண்டு சங்கராவை இலையில் சுருட்டிக் கொடுத்தாங்க. வாங்கிக்கொண்டேன்.

கெடு முடிகிற மாதக் கடைசியில் சேவியர் சார் ஒவ்வொருத்தராகக் கேட்டார். "உனக்குத் தெரிஞ்ச வீடு ஏதாவது?" "இல்ல சார்," என்றேன். கதவை மூடினார்கள்.

ரெண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு புரட்டாசி சனிக்கிழமை, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பெருமாளை போனில் படம் பிடித்துப் போட்டுவிட்டாள். மஞ்சள் குங்குமத்தோடு, கற்பூரத்தோடு. கெட்ட எண்ணம் இல்லை, அவளுக்கும் பக்திதான். ஆனால் படம் எங்கெங்கோ போனது. சிலர் கைகூப்பினார்கள். சிலர் இது வதை என்றார்கள், புகார் எழுதினார்கள். பதிவில் இல்லாத ஆமை, உடனே எடுங்கள் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. விலாசத்தை நான் ரெண்டு முறை படித்தேன்.

ஜீப்பில் சேவியர் சார், கால்நடை டாக்டரம்மா, நான். வாசலில் கூட்டம். சார் பூட்சைக் கழற்றினார். தண்ணீர் கேட்டார். அஞ்சலைக்கா சொம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாங்க. திட்டுவதுபோல் பார்த்திருந்தால் தேவலை. ஏதாவது சொல்லுவான் என்று எதிர்பார்ப்பதுபோல் பார்த்தாங்க. நான் தரையைப் பார்த்தேன்.

சார் விஷயத்தைச் சொன்னார். கூட்டத்தில் ஒருத்தர், "சாமிய எடுத்துக்கினு போவ வந்துட்டானுங்க. பணக்காரன் வூட்டு நாயை எடுப்பானுங்களா?" என்றார். கொல்லைக்குப் போனோம். அன்றைக்கும் ஓடு முழுக்க மஞ்சளும் குங்குமமும். அடையாளம் எழுத வேண்டும், சில்லு எண்ண வேண்டும். எதுவும் தெரியவில்லை. டாக்டரம்மா ஈரத் துணியை எடுத்தாங்க. சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்க கையாலயே தொடைங்கம்மா."

அஞ்சலைக்கா துணியை வாங்கவில்லை. குடத்துத் தண்ணியில் முந்தானையை நனைத்து, ஒவ்வொரு சில்லாகத் துடைத்தாங்க. அவசரமே இல்லாமல் துடைத்தாங்க. மஞ்சள் போகப் போக, ஓட்டில் மேடு மேடாகக் கூம்பு கூம்பாக இருந்தது தெரிந்தது.

"கோபுரம் மாரி இருக்குது பாருங்க," என்றாங்க அக்கா, டாக்டரம்மாவிடம். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாங்க.

டாக்டரம்மா என்னிடம் குனிந்து, "எழுதிக்குங்க, ஓடு மேடு தட்டியிருக்கு. இது கோபுரம் இல்லங்க, தீனிக் கோளாறு. புல்லும் தழையும் திங்க வேண்டியது. சோறும் பழமும் போட்டா இப்படி ஆகும். உள்ள எலும்பும் வீக்காதான் இருக்கும்," என்றாங்க. மெதுவாகத்தான் சொன்னாங்க. ஆனால் அக்கா காதில் விழுந்துவிட்டது. துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "எனக்குத் தெரியாதேம்மா," என்றாங்க. "யாரும் சொல்லலியே."

நான் எழுதினேன். நீளம் இவ்வளவு, எடை முப்பத்திரண்டு கிலோ. இடதுபுறம் மூன்றாவது சில்லில், தொடர்ந்து ஆட்டுக்கல்லில் உரசியதால், கட்டைவிரல் அகலத்துக்கு வழவழவென்று தேய்மானம். வலது முன்காலில் ஒரு நகம் குட்டை.

பிறகு வாக்குமூலம். சார் கேட்டார், நான் எழுத வேண்டும்.

"பதியணும்னு அறிவிப்பு வந்ததும்மா. உங்களுக்குத் தெரியுமா? யாராவது வந்து சொன்னாங்களா?"

அஞ்சலைக்கா என்னைப் பார்த்தாங்க. என் பேனா தாளில் நின்றது. அந்த நேரத்தில் நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? பெருமாளே, இவங்க வாயில் என் பேர் வரக் கூடாது என்று. எதிரே படுத்திருந்த அந்த ஜீவனைப் பார்த்தே வேண்டினேன்.

"யாரும் வரலிங்க ஐயா," என்றாங்க. "நாங்க மீன் விக்கறவங்க. பேப்பரு எங்க படிக்கறோம்?"

அதை என் உருண்டைக் கையெழுத்தில் எழுதினேன். சார் உரக்கப் படித்துக் காட்டினார். அக்கா கைநாட்டு வைத்தாங்க. நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

முப்பத்திரண்டு கிலோவை அவங்களால் தூக்கிக் கொடுக்க முடியாது. ஜீப்பில் ஏற பலகை சாய்த்தோம். அக்கா செம்பருத்திச் செடியில் ரெண்டு பூ பறித்து, குனிந்து அதன் மூக்குக்கு முன்னால் காட்டிக்கொண்டே பின்னோக்கி நடந்தாங்க. கொல்லை, சந்து, முற்றம், தெரு. அது ஆட்டுக்கல்லில் ஒருமுறை உரசிவிட்டு, அவங்க பின்னாலேயே நடந்து, பலகையில் ஏறி, தானாகவே ஜீப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

ஆபீசுப் பின்புறம் ஒரு கொட்டகையில் வைத்தோம். டாக்டரம்மா ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தாங்க. அறுகம்புல், செம்பருத்தித் தழை, சப்பாத்திக்கள்ளி. பெருமாள் முதல் ரெண்டு நாள் வாயே வைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை அஞ்சலைக்கா பஸ் பிடித்து வந்துவிட்டாங்க, கூடை நிறையத் தழையோடு. மீன் கூடை. நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்திருந்தாங்க. சார் கொட்டகைக் கதவைத் திறக்கச் சொன்னார். அவங்க கையிலிருந்து அது தின்றது. மறுநாளும் வந்தாங்க.

"புல்லு போட்டாத் திங்குது தம்பி," என்றாங்க என்னிடம். "ஒம்போது வருசம் பொங்கலைப் போட்டுக் கெடுத்துட்டனே. பதிஞ்சிருந்தா இந்த டாக்டரம்மா அப்பவே வந்து சொல்லியிருப்பாங்களா?"

சண்டைக்கு இழுத்துக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாங்க.

அவங்க போன பிறகு சார் அறைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாரம், செவ்வாய்க்கிழமை, நான் பாத்துக்கறன் என்றது, அவர் கேட்டபோது இல்லை என்றது, மகஜரில் பொய்யை என் கையாலேயே எழுதியது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாலு நாள் ஏன் ஆச்சு?"

"பயம் சார். ரிட்டையர்மெண்டுக்கு இன்னும் ஒன்றரை வருஷம்."

"அது இல்ல. இன்னொன்னு சொல்லு."

"நான் நல்லது செஞ்சேன்னு நெனச்சிட்டிருந்தேன் சார். அதை விட மனசு வரல."

சார் மேசை டிராயரைத் திறந்து நாலு வெள்ளைத் தாள் எடுத்து என் பக்கம் தள்ளினார். பேனாவையும் வைத்தார். "சொன்னதை எழுது. இதுவும் புரோசேதான்," என்றார். எழுதினேன். எழுதி முடித்ததும் எழுந்து நின்று, வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டுவதுபோல, அதை எனக்கே உரக்கப் படித்துக் காட்டினார். சரியா என்று கேட்டார். சரி என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு மெமோ வந்தது, விளக்கம் கேட்டார்கள், ஒரு இன்கிரிமெண்ட் நின்றது. அதெல்லாம் நியாயம்தான். நான் கொடுத்த காகிதத்தால் அஞ்சலைக்கா மேல் கேஸ் இல்லாமல் எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் ஆமையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வெளியூர் உயிரியல் பூங்கா ஒன்றுக்கு அனுப்பும் உத்தரவு என் காகிதம் மேலே போவதற்கு முன்னாலேயே கீழே வந்துவிட்டது. நாலு நாள் முந்தி எழுதியிருந்தால் மாறியிருக்குமா என்று சாரைக் கேட்டேன். தெரியாது என்றார். அவர் சமாதானத்துக்காகப் பொய் சொல்லுகிறவர் இல்லை.

இப்போது தடை பண்ணு என்கிறவர்களும் சரி, எங்கள் பிரியத்தில் தலையிடாதே என்கிறவர்களும் சரி, என்னிடம் வந்து கேட்டால் எனக்கு அசதியாக இருக்கிறது. அக்கா வைத்தது பிரியம்தான், பொய் இல்லை. அந்தப் பிரியம்தான் ஓட்டை மேடு தட்டவைத்தது. கடைக்காரன் இவ்வளவுதான் வளரும் என்று விற்றான், அவனை யாரும் கேட்கவில்லை. வளர்ந்த பிறகு சமாளிக்க முடியாமல் கோயில் குளத்தில் கொண்டுபோய் விட்ட வெளிநாட்டுத் தண்ணீர் ஆமைகளையும் பார்த்திருக்கிறேன், அதுங்க அந்தக் குளத்து மீன் குஞ்சை மிச்சம் வைக்காது. விட்டவர் புண்ணியம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். இந்தப் பதிவு எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு டாக்டர் அந்த வீட்டு வாசலை மிதிக்க அது ஒரு வழி, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்த வழியை நான் அடைத்தேன்.

ஓய்வு பெற்று மூன்றாவது மாதம், என் மனைவியையும் அஞ்சலைக்காவையும் கூட்டிக்கொண்டு அந்தப் பூங்காவுக்குப் போனேன். அவங்களாகக் கேட்கவில்லை, நான்தான் கூப்பிட்டேன். ரெண்டு பஸ் மாறிப் போய், வெயிலில் ரொம்ப தூரம் நடந்தோம். வழியில் புலி, கரடி எதையும் அக்கா நின்று பார்க்கவில்லை. இடுப்பு உயரச் சுவருக்குள் மண் தரை. உள்ளே பத்துப் பன்னிரண்டு ஆமை, எல்லாம் அதே ஜாதி, ஒரே அளவு, ஒரே மண் நிறம். பாதிக்கு மேல் ஓடு மேடு தட்டித்தான் இருந்தது. எல்லாம் யார் யார் வீட்டிலோ பொங்கல் தின்று வளர்ந்தது.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாங்க.

"எது தம்பி?"

"கூப்பிட்டுப் பாருக்கா."

"பெருமாளு," என்றாங்க. மறுபடி, "பெருமாளு, யப்பா." ஒன்றும் திரும்பவில்லை. ஒரு ஆள் வந்து புல்லுக் கட்டைப் போட்டான். எல்லாம் அங்கே போய் முட்டிக்கொண்டு தின்றன. அக்கா முகம் சுருங்கிவிட்டது. குங்குமம் இல்லாமல் எனக்கும் முகமே பிடிபடவில்லை. தொட்டுக் கும்பிட்டவன்தான் நானும்.

பிறகு மகஜர் ஞாபகம் வந்தது. நான் எழுதியது வரி வரியாக எனக்குத் தெரியும். சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போய், இடதுபுறம் தெரிகிறவற்றை மட்டும் பார்த்தேன். மூன்றாவது சில்லு, மூன்றாவது சில்லு என்று எண்ணிக்கொண்டே வந்தேன். ஓரமாகத் தின்றுகொண்டிருந்ததில் ஒன்று, கட்டைவிரல் அகலத்துக்கு வழவழவென்று வெயிலில் பளிச்சிட்டது. வலது முன்காலைப் பார்த்தேன். நகம் குட்டை.

"அக்கா, இங்க வா. ஆட்டுக்கல்லுல தேஞ்ச எடம் தெரியுது பார்."

வந்து பார்த்தாங்க. அழவில்லை. அது தின்று முடிக்கும்வரை பார்த்தாங்க. "நல்லாத்தான் திங்குது," என்றாங்க என் மனைவியிடம். பையனுக்கு போன் போட்டு, மறக்காமல் அதைத்தான் முதலில் காட்டினாங்க. "எதும்மா நம்மளுது?" என்று அவன் குரல் கேட்டது. "எடது பக்கம் மூணாவது சில்லு பாரு," என்றாங்க, ஏதோ அவங்களே கண்டுபிடித்தது மாதிரி.

போனை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகு என் பக்கம் திரும்பினாங்க. மகஜர் போட்ட நாளிலிருந்து அதுவரை ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை.

"இம்மாம் நல்லா எழுதத் தெரியுது ஒனக்கு," என்றாங்க. "அந்த செவ்வாக்கெழமையே எழுதியிருக்கலாம் இல்ல தம்பி."

என் மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நான் வாங்கிக் குடித்தேன்.